பயன்படுத்திய ரக்கட் லேப்டாப்: ஆன்லைனில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

ரக்கட் என்றால் அடி, தூசி, தண்ணீர் ஆகியவற்றைத் தாங்கும்படி செய்த லேப்டாப். புதிய ரக்கட் லேப்டாப்பின் விலை, அதே வேகமுள்ள அலுவலக லேப்டாப்பின் விலையைவிடப் பல மடங்கு. ஆனால் காவல்துறை, ஆம்புலன்ஸ் சேவை, தொலைத்தொடர்பு, மின் விநியோகம் போன்ற துறைகள் இவற்றை மொத்தமாக வாங்கி, சில ஆண்டுகளில் மொத்தமாகவே கழித்துவிடுகின்றன. அப்படிக் கழிக்கப்பட்டவைதான் ஆன்லைன் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. விலை குறைவு, உடம்பு கெட்டி, பார்த்தாலே வாங்கத் தோன்றும்.

ஆனால் விளம்பரத்தில் எழுதியிருக்கும் ஐபி65, ராணுவத் தரம் எல்லாமே தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்த எந்திரம் ஒன்றுக்குக் கிடைத்தவை. உங்கள் கைக்கு வரப்போவது வண்டியிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்துவிட்டு வரும் எந்திரம். அதனால் மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மழையும் தூசியும் நேரடியாகப் படாத வேலைக்கு இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் உள்ள செமி ரக்கட், அதாவது ஓரளவு மட்டும் காப்புள்ள வகை, வாங்குங்கள். மழையில் நின்றுகொண்டே வேலை செய்பவர்கள் மட்டும் முழு ரக்கட் தேடுங்கள். எதை வாங்கினாலும், பாஸ்வேர்டு போன்ற பூட்டு எதுவும் இல்லை என்று விற்பவர் நிரூபிக்காத எந்திரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஐபி குறியீட்டில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. ஐபி65 என்றால் தூசி உள்ளே நுழையவே கூடாது, 6.3 மில்லிமீட்டர் குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வேகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்க வேண்டும். ஐபி66-க்குத் தண்ணீர் நிமிடத்துக்கு 100 லிட்டர். ஐபி53 என்றால் தூசி ஓரளவு போகலாம், ஆனால் வேலையைக் கெடுக்கக் கூடாது. மேலிருந்து 60 டிகிரி சாய்வு வரை விழும் சாரலைத் தாங்கும். ஐபி52 என்றால் 15 டிகிரி சாய்வில் சொட்டும் நீர்தான். இந்த 2, 3, 5 ஆகியவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில்தான் உங்கள் பணம் நிற்கிறது. தேநீர் கொட்டினால் தாங்க வேண்டும் என்பவருக்கு ஐபி65 தேவையே இல்லை.

விளம்பரத்தில் ‘ராணுவத் தரம்’ என்று வரும் மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைகளின் தொகுப்பு. 2008-இல் ஜி பதிப்பும் 2019-இல் எச் பதிப்பும் வந்தன. இது ஒரு சான்றிதழ் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதிர்வு, வெப்பம், உயரம், விழுதல் என்று பல முறைகள் அதில் இருக்கின்றன. எவற்றைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கிறார். அதனால்தான் மெலிந்த அலுவலக லேப்டாப்களின் விளம்பரத்திலும் இதே பெயர் வருகிறது. விழுதல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்: 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். 6 முகங்கள், 12 விளிம்புகள், 8 மூலைகள். ஆனால் ஜி பதிப்பில் அந்த 26 முறையை ஐந்து எந்திரங்கள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரே எந்திரம் 26 முறை விழுந்து எழுந்ததாக யாரும் சொல்லவில்லை. விற்பவர் ‘810ஜி’ என்று மட்டும் போட்டிருந்தால், எத்தனை அடி உயரம், ஓடிக்கொண்டிருக்கும்போதா அணைத்த நிலையிலா என்று மாடலின் அதிகாரபூர்வ விவரத்தாளில் பாருங்கள்.

முன்னால் இருக்கும் வழிகள்

முதல் வழி, மிக மலிவான பழைய முழு ரக்கட். பானாசோனிக் டஃப்புக் சிஎஃப்-19, சிஎஃப்-31-இன் முதல் நான்கு பதிப்புகள். சிஎஃப்-31 13.1 அங்குலத் திரை, 1024க்கு 768 புள்ளிகள், ஐபி65, மெக்னீசியக் கூடு, சுமார் 3.7 கிலோ எடை, கைப்பிடியோடு வரும். தயாரிப்பாளர் சொல்லும் விழும் உயரம் 180 சென்டிமீட்டர். சிஎஃப்-19 10.1 அங்குலம், திரையைச் சுழற்றி டேப்லெட்டாக மடிக்கலாம், உள்ளே மின்விசிறியே கிடையாது. இவற்றின் பலம் உண்மையான 9 பின் சீரியல் போர்ட். நெட்வொர்க் கருவிகளின் கன்சோல், பிஎல்சி (ஆலை எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), பழைய சர்வே கருவி, வண்டிகளின் டயக்னாஸ்டிக் பெட்டி போன்றவற்றுக்கு யூஎஸ்பி மாற்றி பெரும்பாலும் போதும். ஆனால் நேரத் துல்லியம் கேட்கும் பழைய மென்பொருள்கள் அந்த மாற்றியில் முரண்டு பிடிக்கும். அந்த ஒரு வேலைக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், இணையத்தில் இணைக்காமல் வைத்துக்கொள்ள இது நல்ல வழி. அன்றாட வேலைக்கு வேண்டாம். இன்றைய இணையப் பக்கங்களுக்கு 768 வரித் திரையும் இரண்டு கோர் சிப்பும் மூச்சு வாங்கும்.

சிஎஃப்-31 என்ற ஒரே பெயர் 2010-இலிருந்து ஐந்து பதிப்புகளுக்கு ஓடியது. வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். விற்பவர்கள் பதிப்பு எண்ணைத் தப்பாகப் போடுவது சகஜம். சிப்பின் எண்ணைக் கேளுங்கள்: ஐ5-540எம் என்றால் மார்க் 1, ஐ5-2520எம் மார்க் 2, ஐ5-3320எம் மார்க் 3, ஐ5-3340எம் மார்க் 4, ஐ5-5300யூ மார்க் 5.

இரண்டாவது வழி, நடுத்தர வயது முழு ரக்கட். சிஎஃப்-31 மார்க் 5, டெல் லாட்டிட்யூட் 7414 ரக்கட் எக்ஸ்ட்ரீம் போன்றவை. 7414-இல் 6-ஆம் தலைமுறை சிப், ஐபி65. லினக்ஸ் போடத் தயங்காதவர்களுக்குப் பணத்துக்கு நிறைய கிடைப்பது இங்கேதான். விண்டோஸ் வேண்டும் என்றால் சிக்கல். அதைக் கீழே பார்ப்போம்.

மூன்றாவது வழி, 8-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய செமி ரக்கட். டெல் லாட்டிட்யூட் 5424 ரக்கட், பானாசோனிக் டஃப்புக் 55, கெட்டாக் எஸ்410-இன் பிந்தைய பதிப்புகள். டஃப்புக் 55 2019-இல் வந்தது. 14 அங்குலம், ஐபி53, முதல் பதிப்பிலேயே ஐ5-8365யூ. சில பகுதிகளைக் கழற்றி, சீரியல் போர்ட், இரண்டாவது பேட்டரி, டிவிடி, கைரேகை வாசிப்பான் என்று மாற்றிக்கொள்ளலாம். 5424-இல் ஐபி52, 90 சென்டிமீட்டர் விழும் உயரம், இரண்டு பேட்டரி இடங்கள், எளிதில் கழற்றி மாற்றும் ரேம். ஐ5-8350யூ நான்கு கோர். மேலே சொன்ன ஐ5-5300யூவின் இரண்டு கோரோடு ஒப்பிட்டால் வேலை செய்யும்போதே வித்தியாசம் தெரியும். பட்டறை, கட்டடப் பணியிடம், கிடங்கு, வண்டியில் பக்கத்து இருக்கை என்று பெரும்பாலானவர்கள் சொல்லும் ‘கரடுமுரடான வேலை’ இதற்குள் அடங்கிவிடும்.

நான்காவது, திரை கழறும் அல்லது திரும்பும் வகை. டஃப்புக் சிஎஃப்-33 (12 அங்குலம், 2160க்கு 1440, இரண்டு பேட்டரி), டெல்லின் 7212 ரக்கட் டேப்லெட், கெட்டாக் வி110. நின்றுகொண்டே வரைபடம் பார்ப்பவர்களுக்கும் கையொப்பம் வாங்குபவர்களுக்கும் இவை அருமை. ஆனால் பழையதாக வாங்கும்போது மிக அதிகமாகத் தொல்லை தருவதும் இந்த வகையே. சுழலும் கீல் ஒன்றே ஒன்று. திரையின் கேபிள் அதற்குள்ளேயே போகிறது. கழறும் வகையில் கீபோர்டை இணைக்கும் பின்கள் தேய்கின்றன, கொக்கி தளர்கிறது. திரை மட்டும் தனியாகவும் கீபோர்டு மட்டும் தனியாகவும் விற்கப்படும். படத்தில் இரண்டும் இருந்தாலும் பட்டியலில் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிஎஃப்-33-இன் முதல் பதிப்பில் 7-ஆம் தலைமுறை ஐ5-7300யூ, இரண்டாம் பதிப்பில் 10-ஆம் தலைமுறை ஐ5-10310யூ. பெயர் ஒன்றே, விலை ஒன்றாக இருக்கக் கூடாது.

மழையிலேயே வேலை, விண்டோஸ் 11-உம் கட்டாயம் என்றால் டெல் 7424 ரக்கட் எக்ஸ்ட்ரீமின் 8-ஆம் தலைமுறை வடிவம், கெட்டாக் பி360 (10-ஆம் தலைமுறை, ஐபி66, 1400 நிட் திரை; நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) ஆகியவற்றைப் பாருங்கள். இவை செகண்ட் ஹேண்டிலும் எளிதில் விலை இறங்காது.

கடைசியாக ஒரு வழியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உங்கள் பயம் கை தவறிக் கீழே விழுவது மட்டும்தான் என்றால், சாதாரண பிசினஸ் லேப்டாப்பும் நல்ல கெட்டியான உறையும் போதும். அதே பணத்துக்கு இரண்டு மூன்று தலைமுறை புதிய சிப், பாதி எடை, எங்கும் கிடைக்கும் உதிரிபாகம். அதில் கிடைக்காதவை மூன்று: வெயிலில் தெரியும் திரை, கையுறையோடு தொடும் வசதி, மூடியிட்ட போர்ட்கள். இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்கு அன்றாடத் தேவையா என்று யோசித்துவிட்டு ரக்கட் பக்கம் வாருங்கள்.

பெயரில் இருக்கும் பொறி

‘லாட்டிட்யூட் 5420’ என்று தேடினால் இரண்டு வேறுவேறு லேப்டாப்கள் வரும். ஒன்று 2018-இல் வந்த 5420 ரக்கட். மற்றது 2021-இல் வந்த, 11-ஆம் தலைமுறை சிப் உள்ள சாதாரண அலுவலக லேப்டாப். 5430-க்கும் இதே கதை. விற்பவர் ஒன்றின் படத்தையும் மற்றதன் விவரங்களையும் கலந்து போட்டுவிடுகிறார், சில சமயம் அறியாமல். கைப்பிடியும் போர்ட் மூடிகளும் படத்தில் தெரிகின்றனவா என்று பாருங்கள். டெல்லில் சர்வீஸ் டேக் எண்ணைக் கேட்டு வாங்கி அவர்களுடைய ஆதரவுத் தளத்தில் போட்டால் எந்த மாடல், தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பாகத்தோடு புறப்பட்டது, வாரண்டி எப்போது முடிந்தது என்று வந்துவிடும். 5424-ஐ இப்படிச் சரிபார்ப்பது மிக அவசியம். அது 6, 7-ஆம் தலைமுறை சிப்களோடும் விற்கப்பட்டது. திரையிலும் இரண்டு வகை: தொடுதல் இல்லாத மங்கலான திரை ஒன்று, 1000 நிட் வெளிச்சமுள்ள தொடுதிரை ஒன்று. சாதாரண லேப்டாப் திரை 250 முதல் 300 நிட். மங்கலான திரையோடு வந்த ரக்கட்டை வெயிலில் திறந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

விண்டோஸ் எல்லைக்கோடு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் வசதி தேவை. 7-ஆம் தலைமுறையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில சிப்களுக்கு மட்டும் விலக்கு. இந்தக் கோட்டினால்தான் சிஎஃப்-31, சிஎஃப்-54, 7414, சிஎஃப்-33-இன் முதல் பதிப்பு எல்லாம் ஒரே சமயத்தில் கழித்துத் தள்ளப்படுகின்றன, விலையும் இறங்குகிறது.

‘விண்டோஸ் 11 ப்ரோ நிறுவப்பட்டது’ என்று 4-ஆம், 5-ஆம் தலைமுறை எந்திரத்தின் மேல் எழுதி விற்கிறார்கள். சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் இருப்பதால் அது பொய்யல்ல, ஓடும். ஆனால் அப்படிப்பட்ட எந்திரத்துக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் தகவலையோ வங்கிக் கணக்கையோ திறக்கும் எந்திரத்துக்கு இது சரிவராது. லினக்ஸ் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை. தொடுதிரையை மட்டும் உள்ளமைத்துக்கொள்ள வேண்டிவரலாம்.

பூட்டு: பணம் உண்மையில் போகும் இடம்

உடைந்த மூடியைத் தேடிப் பிடித்து மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம். பூட்டு போட்ட எந்திரத்தை ஒன்றும் செய்ய முடியாது. நிறுவனங்களிலிருந்து கழிக்கப்படுபவை என்பதால் ரக்கட் லேப்டாப்களில் இது மற்றவற்றைவிட அதிகம். மூன்று வகைப் பூட்டுகள் உண்டு. மூன்றும் வேறுவேறு இடத்தில் இருக்கின்றன.

பயாஸ் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு முதலாவது. பயாஸ் என்பது எந்திரம் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள். எந்திரம் ஆன் ஆகும், விண்டோஸ்கூட ஓடும். ஆனால் பயாஸுக்குள் போய் பூட் வரிசையை (டிஸ்க், யூஎஸ்பி என்று எதிலிருந்து தொடங்குவது என்பதை) மாற்ற முடியாது. மதர்போர்டின் சின்ன பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்ற பழைய வைத்தியம் இங்கே பலிக்காது. அந்தப் பாஸ்வேர்டு மின்சாரம் இல்லாமலும் நினைவில் வைக்கும் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. உரிமைச் சான்று இல்லாமல் தயாரிப்பாளர் திறந்துதர மாட்டார். டஃப்புக்கில் ஆன் செய்ததும் எஃப்2 அழுத்த வேண்டும். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போனால் மட்டும் போதாது. குறைந்த அதிகாரத்தோடு, பார்க்க மட்டும் விடும் நிலையும் உண்டு. பூட் வரிசையை மாற்றிச் சேமித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்சொல்யூட் என்ற கண்காணிப்பு வசதி இரண்டாவது. முன்பு கம்ப்யூட்ரேஸ் என்று பெயர். இது பயாஸிலேயே உட்கார்ந்திருப்பதால் டிஸ்க்கை மாற்றினாலும் விண்டோஸை மறுபடி ஏற்றினாலும் தானாகத் திரும்பி வரும். பழைய உரிமையாளர் நினைத்தால் தூரத்திலிருந்தே எந்திரத்தை முடக்கலாம். நீக்கும் அதிகாரமும் அவருக்குத்தான். டெல்லின் அந்தக் காலப் பயாஸில் மூன்று நிலைகள் இருக்கும்: டிஆக்டிவேட், டிஸேபிள், ஆக்டிவேட். ஆக்டிவேட், டிஸேபிள் இரண்டுமே ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாதவை. டிஸேபிள் என்று நிலைத்திருந்தால் நிம்மதி. டிஆக்டிவேட் என்றிருந்தால் நீங்களே டிஸேபிளுக்குக் கொண்டுபோகலாம். ஆக்டிவேட் என்றிருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது விண்டோஸ் ஆட்டோபைலட். எந்திரத்தின் அடையாளம் பழைய நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்திருக்கும். விற்பவர் இணையம் இல்லாமல் விண்டோஸ் நிறுவிக் காட்டியிருந்தால் எதுவும் தெரியாது. நீங்கள் ஒருநாள் ரீசெட் செய்து வைஃபையில் இணைத்ததும், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு லாகின் திரை வந்து நிற்கும். அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவு பட்டியலிலிருந்து நீக்கினால்தான் தீரும். லினக்ஸ் பயனர்களை இது தொடாது. மற்றவர்கள், இணையத்தில் இணைத்த நிலையில் விண்டோஸின் தொடக்க அமைப்புத் திரையைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

விற்பவரும் விளம்பரமும்

ரீஃபர்பிஷ் செய்து வாரண்டியோடு விற்பவர், மின்கழிவுகளை மொத்தமாக எடுத்துப் பிரித்து விற்பவர், தனிநபர் என்று மூன்று வகை. முதல் வகையில் விலை கூடுதல், ஆனால் பூட்டுப் பிரச்சினையை அவர்களே பார்த்திருப்பார்கள். திருப்பி அனுப்பவும் வழி இருக்கும். இரண்டாம் வகையில்தான் ‘அன்டெஸ்டட்’, ‘ஆஸ் இஸ்’ என்ற சொற்கள் வரும். நூற்றுக்கணக்கில் எடுத்தவர் ஒன்றைக்கூட ஆன் செய்து பார்த்திருக்க மாட்டார் என்று நம்பாதீர்கள். ‘அன்டெஸ்டட்’ என்பதை ‘ஓடவில்லை’ என்று எடுத்துக்கொண்டு, உதிரிபாகத்துக்கு என்ன தருவீர்களோ அந்த விலையை மட்டும் தாருங்கள். ‘பவர்ஸ் ஆன்’ என்றால் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். பயாஸ் திரை வரை போகிறது என்று பொருளில்லை. தனிநபர்களில் நல்லவர்களும் கிடைப்பார்கள். எந்திரம் எந்த வேலைக்குப் பயன்பட்டது என்று கேட்டால் உடனே சொல்பவர் பெரும்பாலும் நம்பத்தக்கவர்.

எந்த வேலைக்குப் பயன்பட்டது என்ற கேள்விக்குக் காரணம் இருக்கிறது. வண்டியில் டாக் என்னும் தாங்கியில் மாட்டியிருந்த எந்திரத்துக்கு வெளியே கீறல் குறைவாக இருக்கும். ஆனால் அடியிலுள்ள டாக் இணைப்பின் பின்கள் தேய்ந்திருக்கும். பேட்டரி எந்நேரமும் நூறு சதவீதத்தில், மூடிய வண்டியின் வெப்பத்தில் கிடந்திருக்கும். லித்தியம் பேட்டரிக்கு இதைவிடக் கெட்ட சூழல் இல்லை. கையில் தூக்கிக்கொண்டு அலைந்த எந்திரம் வெளியே அடிபட்டிருக்கும், உள்ளே நன்றாக இருக்கக்கூடும். டஃப்புக்கின் பயாஸில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி, ஆண்டுக்கு 250 நாள் என்றால் 2,000 மணி, ஐந்தாண்டுக்கு 10,000. அதற்கு மேல் மிக அதிகமாக இருந்தால் அது வண்டியில் அணையாமல் ஓடியது என்று தெரிந்துகொள்ளலாம்.

விற்பவருக்கு அனுப்ப ஒரு கடிதம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“வணக்கம். இந்த எந்திரத்தின் பயாஸ் முதல் பக்கத்தின் படம் வேண்டும்; சிப், ரேம், சீரியல் எண் தெரிய வேண்டும். பூட் வரிசையை மாற்றிச் சேமிக்க முடிகிறதா? அப்சொல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ன நிலையில் இருக்கிறது? ஒவ்வொரு பக்கத்தின் போர்ட் மூடிகளையும் திறந்து ஒரு படம், மூடி ஒரு படம் அனுப்புங்கள். டிஸ்க் ட்ரே உள்ளே இருக்கிறதா? பேட்டரி எத்தனை, அடாப்டர் ஒரிஜினலா? முழு வெள்ளைத் திரையோடு ஒரு படம். வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், அனுப்பும் செலவு யாருடையது?”

ட்ரேயைக் கேட்பது எதற்கு என்றால், ரகசியக் காப்பு விதிப்படி நிறுவனங்கள் டிஸ்க்கை எடுத்து அழித்துவிட்டுத்தான் எந்திரத்தை வெளியே விடுகின்றன. பல சமயம் டிஸ்க்கோடு அதன் ட்ரேயும் இணைப்பு ரிப்பனும் போய்விடுகின்றன. சிஎஃப்-31-இல் அந்த ட்ரே இல்லாமல் சாதாரண எஸ்எஸ்டியை அப்படியே செருக முடியாது. ஒரிஜினல் ட்ரேயில் அதிர்வைத் தாங்கும் மெத்தையும் குளிருக்கான ஹீட்டரும் இருக்கும். மலிவான மாற்று ட்ரேயில் இவை இருக்காது. எஸ்எஸ்டி போடுபவருக்கு மெத்தை பெரிய இழப்பல்ல, உறைபனியில் வேலை செய்பவருக்கு ஹீட்டர் இழப்புதான்.

சிம் போடும் மோடம் இருந்தால் அது 3ஜி மட்டுமா என்று பாருங்கள். பல நாடுகளில் 3ஜி அணைந்துவிட்டது. ஜிபிஎஸ் எல்லா எந்திரத்திலும் இருக்காது, கூடுதல் தேர்வாக வந்தது. டிவைஸ் மேனேஜர் படத்தில் தெரிந்தால்தான் உண்டு.

பேட்டரி, அடாப்டர், அனுப்பும் விதம்

தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரலிலிருந்து தடை. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்ற விதி. எந்திரத்துக்குள் இருக்கும் பேட்டரிக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து வாங்குபவர், பேட்டரி இல்லாத மலிவு எந்திரத்தையும் பேட்டரியையும் தனித்தனியாக வாங்கலாம் என்று கணக்குப் போட்டால் இழுத்தடிக்கும். நல்ல பேட்டரியோடு வரும் எந்திரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது மேல். 5424 போன்ற இரண்டு பேட்டரி மாடல்களில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மறு இடத்தை வெற்று மூடியால் அடைத்து அனுப்புவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டஃப்புக் 15.6 வோல்ட் அடாப்டர் கேட்கும், சிஎஃப்-31-க்கு 7.05 ஆம்பியர், அதாவது 110 வாட். கையில் கிடக்கும் 19 வோல்ட் அடாப்டரை முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகாதீர்கள். டெல்லின் 7.4 மில்லிமீட்டர் முனையில் நடுவே ஓர் அடையாளப் பின் இருக்கும். போலி அடாப்டரிலோ முனை வளைந்தாலோ அந்த அடையாளம் படிக்கப்படாது. அப்போது எந்திரம் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, சிப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘பேட்டரி கெட்டுவிட்டது’ என்று மலிவாக வருபவற்றில் சிலவற்றுக்கு நோய் அடாப்டரில்தான்.

ரக்கட் என்பதால் பெட்டிக்குள் வெறுமனே போட்டு அனுப்பும் பழக்கம் விற்பவர்களிடம் உண்டு. மூன்றரைக் கிலோ எந்திரம் தளர்வான பெட்டியில் உருண்டால் கீலும் மூடிகளும்தான் முதலில் போகும். எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை வையுங்கள் என்று எழுத்திலேயே கேளுங்கள்.

கைக்கு வந்த பிறகு

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்பதால் அன்றே தொடங்குவது நல்லது. முதலில் பேட்டரியைக் கழற்றி மேசையில் படுக்க வைத்துப் பாருங்கள். ஆடினால் வீங்கியிருக்கிறது, அதைத் திரும்பப் போடாதீர்கள். பிறகு பயாஸ்: சீரியல் எண் படத்தில் பார்த்ததுதானா, பாஸ்வேர்டு உண்டா, அப்சொல்யூட் நிலை என்ன.

அதன் பின் உபுண்டு போன்ற லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து ஓடவிட்டு ஒவ்வொரு போர்ட்டையும் சோதியுங்கள். மூடியிட்ட போர்ட்களில் பச்சைப் பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போன தடயம். ரேமுக்கு மெம்டெஸ்ட்86 ஒரு முழுச் சுற்று. டிஸ்க்கின் ஓடிய மணிகளையும் பிழைக் கணக்கையும் பாருங்கள். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பேட்டரி அறிக்கை எடுத்து, இப்போதைய முழுத் திறனை வடிவமைப்புத் திறனால் வகுத்துப் பாருங்கள். 70 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது. 50-க்குக் கீழே என்றால் பேட்டரி விலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தொடுதிரைக்கு விண்டோஸின் பெயின்ட் செயலியைத் திறந்து மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாகக் கோடு இழுங்கள். சிஎஃப்-31-இல் இருப்பது அழுத்தத்தை உணரும் வகை. கையுறையோடு வேலை செய்யும், ஆனால் ஒரே இடத்தில் ஆயிரம் முறை அழுத்தப்பட்ட பட்டைகள் செத்துப்போயிருக்கும். கோடு அங்கே அறுபடும். வெள்ளைத் திரையில் ஓரங்கள் மஞ்சளாகவோ மங்கலாகவோ தெரிகின்றனவா என்றும் பாருங்கள். பின்விளக்கு வயதோடு மங்கும். 1000 நிட் என்று பிறந்தது இன்றும் 1000 இருக்காது.

மூடிகள் தண்ணீரைத் தடுக்கின்றனவா என்று சோதிக்கத் தண்ணீரைத் தொடாதீர்கள். குழாயடியில் காட்டிப் பார்ப்பதைப்போல முட்டாள்தனம் வேறில்லை, திருப்பி அனுப்பும் உரிமையும் அதோடு போய்விடும். மெல்லிய காகிதத் துண்டை ஒவ்வொரு மூடிக்கும் இடையில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். ரப்பர் கேஸ்கெட் பிடித்துக்கொண்டால் இழுப்பு இறுக்கமாக இருக்கும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மூடி இனி தண்ணீரைத் தடுக்காது. ரப்பரில் வெடிப்பு, பிசுபிசுப்பு, தட்டையாக அமுங்கிய தடம் ஆகியவற்றை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கத்துத் திருகுகள் எல்லாம் இருக்கின்றனவா, ஒரே வகைதானா என்றும் எண்ணுங்கள். திருகு குறைந்தாலோ மாறியிருந்தாலோ யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். முழு ரக்கட்டைத் திறந்தவர் உள் கேஸ்கெட்டை ஒழுங்காகப் பதிக்காவிட்டால் ஐபி65 அங்கேயே முடிந்தது.

பூட்டு இருந்தால் பேரம் பேசாமல் திருப்பி அனுப்புங்கள். மூடி ஒன்றிரண்டு மட்டும் தளர்ந்திருந்தால் எந்திரத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைச் செமி ரக்கட்டாக மட்டும் நடத்துங்கள். சிஎஃப்-31, 5424 போலப் பெருவாரியாக விற்ற மாடல்களுக்கு உதிரி மூடிகள் தனியாகக் கிடைக்கும். இல்லையென்றால் திரை உடைந்த அதே மாடலை உதிரிபாக விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டால் மூடி, கீபோர்டு, ட்ரே, கைப்பிடி எல்லாம் ஒரே செலவில் கைக்கு வரும். வாங்கும்போது பதிப்பு எண் ஒன்றேதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலும் பதிப்புக்குப் பதிப்பு உள்பாகங்கள் மாறுகின்றன.